நான்கு கேப்சூல், ஒரு மணி நேரம்

1

இந்தக் கதையை நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். கதை அவ்வளவு அபாரம் என்று அர்த்தமில்லை. ராமநாதபுரத்தில் டாக்டர் மாலதியின் பல் மருத்துவமனையில், சாய்வு நாற்காலியில், இரண்டு கன்னத்திலும் பஞ்சு அடைத்துக் கிடந்தேன். ஓர் எழுத்தாளனிடம் கதை சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. குறுக்கே பேசமாட்டான்.

என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சுத்தம் செய்வது, அடுத்த வியாழக்கிழமை பிடுங்குவது என்று ஏற்பாடு. நாற்காலியில் ஏறியதும், விவரம் தெரிந்தவன் தோரணையில் ஒரு கேள்வி கேட்டேன்.

"முன்னெச்சரிக்கையா ஒரு ஆன்டிபயாட்டிக் போட்டுக்கிட்டு வந்திருக்கணுமோ டாக்டர்?"

எங்கள் தெரு சதக்கத்துல்லா அப்படித்தான் போட்டுக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காமல் போவதா?

"உங்களுக்கு எதுக்கு?" என்றார் டாக்டர். "வெளிய டோக்கன் குடுக்குற ராக்கு கேட்டப்ப ஒரு நோயும் இல்லைன்னுதானே சொன்னீங்க? இது எல்லாருக்கும் இல்ல, தங்கசாமி சார். நெஞ்சுக்குள்ள செயற்கை வால்வு வச்சிருக்கவங்க மாதிரி ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். பல்லைப் பிடுங்குறப்ப வாயில இருக்க கிருமி ரத்தத்துல கலக்கும். நமக்கு அது ஒண்ணும் செய்யாது. அவங்களுக்கு வால்வுல போய் ஒட்டிக்கிட்டா உயிருக்கே ஆபத்து. அதனால ஒரு மணி நேரம் முன்னாடி நாலு கேப்சூல், ஒரே தடவையில. வேண்டாதவங்க கேட்டு வாங்குறீங்க. வேண்டியவங்க ஒளிக்கிறாங்க."

பஞ்சை அடைத்தார். பிறகு, ஒளித்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அது அவர் தொழில் தர்மம். பெயரும் ஊரும் வைப்பது என் தொழில்.

2

முதல் தொடக்கம்:

[கடல் அன்று அமைதியாக இருந்தது.]

அடித்துவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் எவன் கதை எழுதினாலும் கடல் ஒன்று அமைதியாக இருக்கும், இல்லாவிட்டால் கொந்தளிக்கும். என் கதாநாயகி சமையலறையில் நிற்கிறாள். அவள் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் யாரோ துபாய்க் காசில் மூன்று மாடி கட்டிவிட்டார்கள். அவளுக்கே தெரியாத கடல் உங்களுக்கு எதற்கு?

இரண்டாவது தொடக்கம்:

[உம்மு ஹபீபாவின் நெஞ்சுக்குள் காலம் துடித்துக்கொண்டிருந்தது, அது அவளுடைய காலமல்ல, அது மானுடத்தின்—]

வேண்டாம். இப்படி எழுதித்தான் இரண்டு சிற்றிதழ்களை மூடவைத்தேன்.

மூன்றாவது, நேராக:

புதுமடத்தில் உம்மு ஹபீபா என்று ஒரு பெண். ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சில் உலோக வால்வு. அது சத்தம் போடும்.

3

சத்தம் என்றால் நிஜமான சத்தம். டிக், டிக், டிக். அந்த வகை வால்வு சிலருக்கு அப்படித்தான் கேட்குமாம்; அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் எட்டும். (இதை டாக்டர் சொன்னபோது நான் பொய் என்று நினைத்தேன். பஞ்சு இருந்ததால் மரியாதை தப்பியது.)

ஆறு வருடத்துக்கு முன் மதுரையில் அறுவை சிகிச்சை. ஊருக்குச் சொன்னது கர்ப்பப்பை ஆபரேஷன். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: சவுதியில் வேலை பார்க்கும் கணவர் மஹ்மூது, மகள் லாமியா. அந்த மஹ்மூதுதான் விடுமுறையில் வந்தபோது தன் பெரிய ஆம்பளை வாட்சைக் கழற்றி மனைவி கையில் கட்டிவிட்டார். "யாராச்சும் என்ன சத்தம்னு கேட்டா வாச்சக் காட்டு" என்றார். நாற்பது வருட வளைகுடா வாழ்க்கையில் அவருக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அது. ஆறு வருடம் வேலை செய்தது.

எதற்கு ஒளிக்க வேண்டும்? இங்கேதான் வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்லவேண்டும். உம்மு ஹபீபாவின் குடும்பத்தில் நிக்காஹ் ஆனால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மாமியார் ஆக்கிப்போட அவர் சாப்பிடவேண்டும். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதைவிடப் பெண்ணின் உம்மாவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். நடக்கிறாளா, மூச்சு வாங்குகிறாளா, இருபது பேருக்கு ஆக்குவாளா? இதற்கு முன் லாமியாவுக்குப் பேசிய இரண்டு இடம், 'பெண்ணோட உம்மா அடிக்கடி மதுரைக்குப் போறாக' என்ற ஒற்றைச் சொல்லில் கலைந்துபோயின. மூன்றாவது இடம் தொண்டி. மாப்பிள்ளை அசாருதீன், ஷார்ஜாவில் வேலை. அவனை லாமியாவுக்குப் பிடித்திருந்தது. அது உம்மு ஹபீபாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் பொய்க்கு முழுக் காரணமும் அதுதான், வேறு தத்துவம் ஒன்றும் இல்லை.

தேதி குறிக்க அசாருதீனின் உம்மா மாஷிதா தொண்டியிலிருந்து வந்து இறங்கினாள். அன்றைக்குப் பார்த்து உம்மு ஹபீபாவின் கன்னம் வீங்கியது.

"என்ன சம்மந்தி, ஒரு பக்கம் பன்னு வச்ச மாதிரி இருக்கு?"

"பல்லு வலி லாத்தா. தானாச் சரியாப் போகும்."

"எங்கிட்டுச் சரியாப் போவும்? நாளைக்கு ராம்நாட்டுக்குப் போவோம். நானும் வாரேன்."

(அடிக்குறிப்பு: சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று சதக்கத்துல்லாவிடம் கேட்டேன். 'ஒருத்தி சம்மந்திம்பா, ஒருத்தி அக்கா மொறையில லாத்தாம்பா, கோவம் வந்தா ரெண்டும் இருக்காது' என்றார். எதற்கு என்று கேட்டார். கதைக்கு என்றேன். 'நம்மளப் பத்தி எழுதுறதா இருந்தா முதல்ல எனக்குக் காட்டு' என்றார். காட்டவில்லை.)

4

இந்தக் காலை உணவுக் காட்சியை நான்கு தடவை எழுதினேன். சுலபமான காட்சிதான். ஆனால் கதையின் குற்றம் நடந்த இடம் இது.

மதுரை மருத்துவமனையில் உம்மு ஹபீபாவுக்கு ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். பல் வைத்தியம் எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லவேண்டும், ஒரு மணி நேரம் முன்னால் நான்கு கேப்சூல் சாப்பிடவேண்டும் என்று அதில் இருந்தது. அவள் படிக்காதவள் இல்லை, மடச்சியும் இல்லை. லாமியாவை அனுப்பி, அட்டையைக் காட்டி, முந்தின நாளே கேப்சூலை வாங்கிவைத்துவிட்டாள். டாக்டரிடம் சொல்லாவிட்டால் என்ன, மருந்து உள்ளே போனால் சரி என்பது அவள் கணக்கு. பசியாறும்போது பல்வலி மாத்திரை என்று சொல்லிப் போட்டுக்கொள்ளலாம்.

பசியாற உட்கார்ந்தது சஹனில். பெரிய தட்டு, எதிரெதிரே இரண்டு பேர், இடியாப்பம், கறி. சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு: நல்ல துண்டு நம் பக்கம் இருந்தால் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளவேண்டும். அவர்கள் திருப்பித் தள்ளுவார்கள். கடைசியில் விருந்தாளி பக்கம்தான் அது தங்கவேண்டும்.

உம்மு ஹபீபா நான்கு கேப்சூலையும் சஹனின் ஓரமாக வைத்தாள்.

"அது என்னா?"

"பல்வலி மாத்திர லாத்தா."

"நாலா? ஒரே வாயிலயா? வயிறு புண்ணாயிரும் சம்மந்தி." மாஷிதா அவற்றை ஆசையாகப் பார்த்தாள். "வலிக்கு நல்லா கேக்குமோ? எனக்கு முழங்கால் வலி உசுரு போவுது."

உம்மு ஹபீபா என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? மாஷிதா மாப்பிள்ளையின் உம்மா. சஹனில் கண்ணுக்கு நேரே இருந்ததைக் கேட்டிருக்கிறாள். ஐம்பத்திரண்டு வருடப் பழக்கம் அவளுடைய விரலில் இருந்தது. அவள் யோசிப்பதற்குள் அந்த விரல் ஒரு கேப்சூலை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டது.

மாஷிதா பிஸ்மில்லாஹ் சொல்லி அதை விழுங்கினாள். "மிச்சத்த வெறும் வயித்துல போடாதீக. டாக்டரப் பாத்துட்டுப் போட்டுக்கிறலாம்" என்று மூன்றையும் காகிதத்தில் மடித்துத் தன் மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். சம்பந்தியின் வயிற்றைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இன்னும் இரண்டு இடியாப்பம் கேட்டாள்.

5

நான் இந்த இடத்தில் மாஷிதாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். குரலை உயர்த்தினேன், கழுத்தில் நகையைக் கூட்டினேன், புருவத்தைத் தூக்கினேன். ஒன்றும் ஒட்டவில்லை. புதுமடத்திலிருந்து உச்சிப்புளிக்கு வந்து ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் வீங்கிய கன்னத்தில் வெயில் படாமல் தன் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருகிறாளே, இவளை வைத்து என்ன செய்வது? நல்லவர்களுக்கு நடுவில் பொய் சொல்வதுதான் கஷ்டம். கெட்டவர்களிடம் பொய் தானாக வந்துவிடும்.

உம்மு ஹபீபாவைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் வந்தது. உயிர் பெரிதா, சம்பந்தம் பெரிதா? டாக்டர் காதில் ஒரு வார்த்தை போடக் கூடாதா? இப்படியும் ஒருத்தி இருப்பாளா? வாசகர் நம்புவாரா? 'பாத்திரத்தின் நடத்தையில் தர்க்கம் குறைவு' என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். இந்தக் குறிப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக நான் பின்னால் வெட்கப்படப்போகிறேன்.

மருத்துவமனையின் கூடத்தில் ஒரு நீள பெஞ்சு. அதன் முன்னால் மேசை போட்டு ராக்கு உட்கார்ந்திருப்பாள். டோக்கன் கொடுப்பதும் விவரம் கேட்பதும் அவள் வேலை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"பேரு?"

"உம்மு ஹபீபா."

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"பிரஷரு?"

"இல்ல."

"நெஞ்சுல, வயித்துல ஆபரேஷன் ஏதும் பண்ணிருக்கா? தெனமும் போடுற மாத்திர ஏதும் உண்டா?"

பெஞ்சில் இருந்த ஏழு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். மாஷிதா உம்மு ஹபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உம்மு ஹபீபாவின் இன்னொரு கை, பைக்குள்ளிருந்த அட்டையைத் தொட்டது. லாமியாவின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"சம்மந்திக்கு ஒரு தலவலி கூட வந்தது கெடையாதும்மா" என்று மாஷிதா பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டபோதும் கையை விடாமல் கூடவே போனாள்.

6

மூன்று நாள் அவளை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். தேவிபட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தேன். ரேஷன் அட்டையில் முகவரி மாற்றினேன். எனக்கு மனசே வரவில்லை. எப்படி முடித்தாலும் யாருக்காவது வலிக்கும்.

முடிவு அ:

[பல் சுகமாக வெளியே வந்தது. பதினைந்து நாள் கழித்து உம்மு ஹபீபாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். லாமியா நெற்றியில் கைவைத்துப் பார்த்து—]

என்னால் முடியவில்லை. இப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார். நடக்கட்டும், என் பேனாவில் வேண்டாம்.

முடிவு ஆ:

[திடீரென்று அசாருதீன் ஷார்ஜாவிலிருந்து வந்து கதவைத் திறந்து, "எனக்கு எல்லாம் தெரியும் மாமி!" என்றான்.]

எப்படித் தெரியும்? விமானத்துக்கு யார் பணம் கட்டியது? இதை எழுதிய இரவு நன்றாகத் தூங்கினேன், காலையில் படித்துவிட்டுக் கிழித்தேன்.

ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன். நான் கட்டியதைவிட அது மட்டமான கட்டுமானம். தற்செயலை நம்பியிருக்கிறது. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் ஒப்பமாட்டார்.

7

டாக்டர் மரத்துப்போக வைக்கும் ஊசியை எடுத்தார். கரண்ட் போனது.

(அடிக்குறிப்பு: மின்தடை என் கற்பனை அல்ல. எங்கள் ஊரில் அதைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் வந்ததில்லை.)

இன்வெர்ட்டரும் அன்றைக்கு மக்கர். ஏசி நின்றது, மின்விசிறி நின்றது, பல் கருவிக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் உறுமலும் நின்றது. அறையில் ஜன்னல் வெளிச்சம் மட்டும். அப்படி ஓர் அமைதியை அந்த மருத்துவமனை அதற்கு முன் கேட்டதில்லை.

டிக். டிக். டிக்.

"என்ன சத்தம்?" என்றார் டாக்டர்.

"சம்மந்தி வாச்சுதான்" என்றாள் மாஷிதா. "சவுதி வாச்சு. ராவும் பகலும் கத்திக்கிட்டே கெடக்கும்."

உம்மு ஹபீபா வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டினாள். உதவிக்கு வந்த ராக்கு செல்போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தாள்.

"வாச்சு பத்தேகால்ல நின்னுல்ல கெடக்கு? இப்ப மணி பன்னெண்டு!"

நால்வரும் அந்த வாட்சைப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பயத்தில் முன்னைவிட வேகமாக வந்துகொண்டிருந்தது. உம்மு ஹபீபாவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"வால்வு மாத்திருக்கு டாக்டரம்மா" என்றாள். "ஆறு வருசமாச்சு. சொல்லக்கூடாதுன்னு இல்ல. எம் மக..." அதற்குமேல் அழுகைதான்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். பையிலிருந்து அட்டை வந்தது. அதோடு, ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரைக்காக இரண்டு நாள் முன்பு எடுத்த பரிசோதனைச் சீட்டும் வந்தது. டாக்டர் மதுரைக்குப் போன் போட்டு இதய டாக்டரிடம் பேசினார். பிடுங்கலாம், ஆனால் கேப்சூல் உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகவேண்டும்.

"இந்த மருந்து முன்னாடி ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கும்."

"கேப்சூல் போட்டீங்களா இன்னைக்கு?"

உம்மு ஹபீபா மாஷிதாவைப் பார்த்தாள். மாஷிதா மணிபர்ஸைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, மேசையில் வைத்தாள்.

"மூணு இருக்கு. நாலாவது?"

"அது எம் முழங்காலுக்குப் போட்டுக்கிட்டேன்."

டாக்டர் மாஷிதாவின் காலைப் பார்த்தார். "முழங்கால் எப்படி இருக்கு?" என்றார்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் மாஷிதா, தலையைக் குனிந்துகொண்டு.

ராக்கு இழுப்பறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நாலாக்கினாள். மணி பன்னிரண்டு பத்து. உம்மு ஹபீபா நான்கையும் மாஷிதாவின் கண்ணெதிரே விழுங்கினாள்.

"வெளிய பெஞ்சுல இருங்க. ஒண்ணு பத்துக்குக் கூப்பிடுறேன்" என்றார் டாக்டர்.

8

கதை முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் டாக்டர் உள்ளே வேறு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே இல்லவே இல்லை.

ராக்கு டாக்டரிடம் சொன்னதை மட்டும் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. கரண்ட் வரவில்லை, அதனால் நெஞ்சின் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மாஷிதா அந்த வாட்சைச் சம்பந்தி கையிலிருந்து கழற்றினாளாம். ராக்குவைக் கூப்பிட்டாளாம்.

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாச்சுக் கட இருக்கும்ல? இதுக்கு ஒரு செல்லு போட்டுக்கிட்டு வா."

"இப்பவா அம்மா?"

"ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரமா இருக்கணும்ல? ஒங்க செவுத்துக் கெடியாரத்த யாரு நம்புறது?"

ராக்கு போய்வந்தாள். திரும்பியபோது இருவருடைய கண்ணும் சிவந்திருந்தது. யார் அழுதது, யார் திட்டியது, யார் என்ன கேட்டது, அவளுக்குத் தெரியாது. மாஷிதா வாட்சை வாங்கி, மணி சரிபார்த்து, உம்மு ஹபீபாவின் கையில் தானே கட்டிவிட்டாள். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்று பத்துக்குப் பல் வெளியே வந்தது. பயந்த அளவுக்கு ரத்தம் இல்லை.

நிக்காஹ் நடந்ததா? டாக்டர் சொல்லவில்லை. பஞ்சு எடுத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "அது பல் சம்பந்தப்பட்டது இல்லையே" என்றார்.

மாஷிதா வாட்சுக்கு உயிர் கொடுத்தது, ஊருக்கு இனியும் ரகசியம் இருக்கட்டும் என்றா? 'தேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒங்க சாமான ஒழுங்கா வச்சுக்கிட்டுப் போங்க' என்றா? அல்லது சொன்னதுபோல் மணி பார்க்க மட்டும்தானா? நான் மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நம்பும்படியாகவே இருக்கின்றன. அந்தப் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு முதலில் பேசியது யார், என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் சம்பந்தி வீட்டுப் பழக்கம் இருக்குமல்லவா?

9

என் பங்குக்கு ஒன்று மிச்சமிருக்கிறது.

பஞ்சு எடுத்து, வாய் கொப்பளித்து, எழுந்தேன். டாக்டர் நாற்காலிக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்தார். அரை அட்டை சர்க்கரை மாத்திரை. நாற்காலியைச் சாய்த்தபோதே என் சட்டைப்பையிலிருந்து நழுவியிருக்கவேண்டும், அதாவது அவர் கதையை ஆரம்பிப்பதற்கு முன்பே.

"இது உங்களோடதா பாருங்க, சார்."

கதவு திறந்திருந்தது. பெஞ்சில் சதக்கத்துல்லா உட்கார்ந்திருந்தார். பத்து வருடமாக எங்கள் தெருவில் 'சீரகத் தண்ணி குடிங்க, எனக்கு இந்த வயசிலும் ஒரு மாத்திரை கிடையாது' என்று சொல்லிவருபவன் நான். ஒரு பத்திரிகையில் அதைக் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை வெட்டித் தன் கடையில் ஒட்டிவைத்திருப்பவர் சதக்கத்துல்லா.

"இல்லையே" என்றேன்.

(உம்மு ஹபீபாவுக்காவது ஒரு மகள் இருந்தாள். எனக்கு இருந்தது சீரகம்.)

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தக் கதையை எனக்கு எதற்குச் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. "சரி, யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க. சுகர் இருக்கது தெரியாம பல்லைப் பிடுங்கினா புண்ணு ஆறாது, பாவம். ராக்குகிட்ட குடுத்து வைக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை வந்து கேட்டா குடுத்திருவா" என்றார்.

நாளை வியாழக்கிழமை. பத்தரைக்கு டோக்கன். சதக்கத்துல்லா தனக்கும் நாளைக்குத்தான் என்று நேற்று சொன்னார், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாமாம். ராக்கு மறுபடியும் எல்லாம் கேட்பாள், அதே குரலில். பேரு என்பாள், சொல்லிவிடுவேன். சுகர் இருக்கா என்பாள்.

நான்